அப்பா குளிக்கிறார்

வண்டி வேடசந்தூர் தாண்டுவதற்குள் ஒரு பெரும் பிழையைத் திருத்திவிட வேண்டியது என் கடமை. கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவு என்று ஒன்று இருப்பது, படிக்கிற பிள்ளைகளுக்கு வேலை வாங்கித் தருவதற்காக என்று நீங்கள் நம்புகிறீர்கள். நீங்கள் மட்டும் அல்ல, நாடே அப்படித்தான் நம்புகிறது. பூமி தட்டை என்று நம்பினவர்களையாவது மன்னித்துவிடலாம், அவர்கள் கையில் கப்பல் இல்லை. வேலை தருவது கம்பெனி. வேலை பார்க்கப் போவது மாணவன். இரண்டுக்கும் நடுவில் எங்கள் பிரிவு தருவது ஒன்றே ஒன்று, திருப்தி. அது மாணவனுக்கா, பெற்றவருக்கா, கல்லூரிக்கா என்பது வேறு விஷயம்.

மன்னிக்க வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவதை ஒட்டுக்கேட்பது அழகல்ல. ஆனால் நீங்கள் சத்தமாகத்தான் பேசினீர்கள். "இங்க சேத்துட்டா வேலையும் அவங்களே வாங்கிக் குடுத்துருவாங்களாம், புள்ளைகிட்ட சொல்லு" என்றீர்கள். எங்கள் கல்லூரித் துணிப்பை வேறு உங்கள் மடியில் இருக்கிறது. நாம் இரண்டு பேரும் ஒரே நிறுத்தத்தில்தான் ஏறினோம். நீங்கள் கல்லூரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அரவக்குறிச்சிக்குத் திரும்புகிறீர்கள். நான் கரூர் போகிறேன்.

அந்தப் பையில் ஒரு வண்ணப் புத்தகம் இருக்கும், எடுங்கள். நடுப்பக்கம். கோட் போட்டுக்கொண்டு சிரிக்கிறானே ஒரு பையன், அவன் பெயர் மருதுபாண்டி. அவனைப் பார்க்கத்தான் போகிறேன். என் பெயர் தெய்வசிகாமணி. எங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர்.

இல்லை, எழுந்திருக்காதீர்கள். உட்காருங்கள். மரியாதையெல்லாம் கதையைக் கேட்டபிறகு கொடுக்கலாம்.

நான் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள் சேர்மன் கூப்பிட்டார். "சார், நீங்கதான் சட்டைய உள்ள விட்டு நீட்டா வர்றீங்க. இங்கிலீஷும் பேசுறீங்க. பிளேஸ்மென்ட்ட நீங்க பாத்துக்கங்க" என்றார். பதவி உயர்வுக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கேன்டீனுக்குப் பக்கத்தில் ஓர் அறை. கம்பெனிக்காரர்கள் வந்தால் உட்காருவதற்காக ஏசி போட்டிருந்தார்கள். அவர்கள் அபூர்வமாகத்தான் வருவார்கள் என்பதால் ஏசி என்னவோ எனக்குத்தான். இன்னொரு சலுகையும் உண்டு. என் மகள் அங்கயற்கண்ணி அங்கேயே எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள், கடைசி ஆண்டு. ஊழியர் பிள்ளை என்பதால் பாதிக் கட்டணம்தான். பெயரைச் சுருக்கக் கூடாது என்பது என் கட்சி. எல்லாரும் கண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைசியில் நானும்.

எங்கள் மாணவர்களிடம் வருஷா வருஷம் ஒரு கருத்துக் கணிப்பு நடக்கும். மேலிடத்திலிருந்து நேராக மாணவர்களுக்கே மின்னஞ்சல் போய்விடும், நாங்கள் தலையிட முடியாது. அதில் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வந்த மதிப்பெண்ணை உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மாணவன், 'வேலைவாய்ப்புப் பிரிவு எங்கே இருக்கிறது?' என்று எழுதியிருந்தான். நியாயமான கேள்வி என்று கேன்டீன் பக்கம் அம்புக்குறிப் பலகைகள் வைக்கச் சொன்னேன். அடுத்த ஆண்டு யாரும் எங்கே என்று கேட்கவில்லை. 'எதற்கு இருக்கிறது?' என்று கேட்டிருந்தார்கள். அதற்கு எந்தப் பக்கம் அம்புக்குறி வைப்பது?

இந்த நேரத்தில்தான் தரமதிப்பீட்டுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. வந்து, கட்டடம் பார்த்து, கழிப்பறை பார்த்து, மாணவர்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசி, கல்லூரிக்கு ஒரு கிரேடு போட்டுவிட்டுப் போவார்கள். சேர்மன் என்னைக் கூப்பிட்டார். "மத்த எல்லாத்தையும் சரிக்கட்டிட்டோம் சார். பிளேஸ்மென்ட்டு ஒண்ணுதான் இடிக்குது. பசங்க திருப்தின்னு சொல்லணும். சொல்லலைன்னா அந்த ரூம்ல ஏசி எதுக்கு?" என்றார். ஏசிக்கு அப்புறம் எதைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஊழியர் பிள்ளைச் சலுகை ஊழியருக்குத்தானே.

அதனால் ஒத்திகை நடத்தினேன்.

எனக்கு ஒரு போதனை முறை உண்டு. மற்றவர்கள் எதை வேண்டுமானாலும் குறை சொல்லட்டும், இதைச் சொல்ல முடியாது. நேர்முகத் தேர்வில் எதைக் கேட்டாலும் வெறும் பெயரடை போட்டுப் பதில் சொல்லாதே, ஓர் உதாரணம் சொல். நான் உழைப்பாளி என்றால் யார் நம்புவார்கள்? நிலைமை இது, நான் செய்தது இது, விளைவு இது என்று சொல். பல வருஷமாக இதைத்தான் கற்பித்துவருகிறேன். வேறொன்றும் கற்பிக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள்.

குழுத் தலைவராக நடிக்க உடற்கல்வி இயக்குநர் சந்தனராஜ் வந்தார். கல்லூரிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அது ஒரு தனிக் கதை. எங்களிடம் ஒரே ஒரு கோட் இருக்கிறது. வேலை கிடைத்த பிள்ளைகளைப் படம் எடுக்கும்போது எல்லாரும் அதையேதான் மாட்டுவார்கள். ஒல்லிப் பையன் என்றால் முதுகில் துணி கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்போம். படத்தில் முதுகு தெரியாது.

நன்றாகப் பேசுகிற பிள்ளைகளாகத் துறைத்தலைவர்கள் பொறுக்கி அனுப்பியிருந்தார்கள். அதில் கண்ணியும் இருந்தாள். சந்தனராஜ் குரலைக் கனப்படுத்திக்கொண்டு, "வேலைவாய்ப்புப் பிரிவில் உங்களுக்குத் திருப்தியா?" என்றார். "ரொம்பத் திருப்தி சார்" என்றாள் கண்ணி.

"உதாரணம் எங்கே?" என்றேன்.

"எந்த உதாரணம்ப்பா... சார்?" கல்லூரிக்குள் சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

"எத்தனை இருக்கிறது! மருதுபாண்டியைச் சொல்லேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பார்வையை அப்போது கவனிக்கவில்லை, இப்போதுதான் அடிக்கடி கவனிக்கிறேன். "மருதுபாண்டி அண்ணனையா? நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"நிஜமாகத்தான். நிலைமை, செயல், விளைவு."

"எல்லாத்தையும் சொல்லணுமா சார்?"

"ஒன்று விடாமல்" என்றேன். எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். சந்தனராஜ் சாட்சி.

நீங்கள் கேட்கலாம், மருதுபாண்டியிடம் என்ன சிக்கல் என்று. சிக்கலே இல்லை. சூளைத் தொழிலாளியின் பையன். செங்கல் சூளையில் அப்பாவும் அம்மாவும் கல் அறுக்கிறவர்கள். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது, பேசியது, கடிதம் கொடுத்தது. கோட் போட்டுப் படம் எடுத்தோம். நெடுஞ்சாலையில் பெரிய பேனராக வைத்தோம். கடிதத்தில் 'பணியில் சேரும் நாள் பின்னர் அறிவிக்கப்படும்' என்று இருந்தது. பின்னர் என்பது எவ்வளவு பின்னர் என்று கடிதத்தில் இல்லை. கம்பெனியின் எண்ணுக்கு நானும் அடித்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல், நல்ல தமிழில் சொன்னது. இதில் என் குற்றம் என்ன? கடிதம் கொடுத்தார்களா, கொடுத்தார்கள். எங்கள் கணக்கு கடிதத்தோடு முடிகிறது.

அவன் முதலில் அலுவலகத்துக்கு அடித்துக்கொண்டிருந்தான். பிறகு என் கைப்பேசிக்கு. சாயங்காலம் நான் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து, அன்றாடம். பொறுமையான பையன். கோபித்துப் பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "சார், கம்பெனில எதும் சொன்னாங்களா சார்?" அவ்வளவுதான். என்ன சொல்வது? கொஞ்ச நாள் ஏதோ சொன்னேன். அப்புறம் தீபாவளி நாளன்று கூப்பிட்டான். நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கண்ணி எடுத்தாள். "அப்பா குளிக்கப் போறாங்க" என்றாள். அது உண்மை.

மறுநாளும் அடித்தான். கண்ணியைப் பார்த்தேன். அவள், "வெளிய போயிருக்கீங்கன்னு சொல்லவா?" என்று கிசுகிசுத்தாள். எனக்குச் சுருக்கென்றது. சொந்த மகளைப் பொய் சொல்ல வைப்பதா? அழைப்பை எடுக்காமலே விடுவது அதைவிட அநாகரிகம், அதுவும் எனக்குப் பழக்கம் இல்லை. ஆகவே எழுந்து, குளியலறைக்குப் போய், கதவைச் சாத்தி, தலையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். இப்போது அவள் சொல்லலாம். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மார்கழியில் சாயங்காலம் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பாருங்கள், அப்போது தெரியும் வாய்மை என்றால் என்ன என்று. எனக்கு ஜலதோஷம் பொங்கல் வரைக்கும் விடவில்லை. என் மனைவி சுகந்தி, "மோட்டார் போட்டு மாளல. ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எத்தன தடவ குளிப்பான்? வெளிய எங்கயாச்சும் தொடுப்பா?" என்று ஒரு தடவை கேட்டேவிட்டாள். அதற்கும் நான் விளக்கம் சொல்லவில்லை.

குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் கண்ணி பேசுவது கேட்கும். அப்பா குளிக்கிறார் என்று சொல்ல அவ்வளவு நேரம் ஆகாதே என்று நினைப்பேன். நான் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபிறகும் சில நாள் பேசிக்கொண்டிருப்பாள். "இன்னும் என்ன?" என்பேன். "அவங்க ரெஸ்யூமேல எல்லாம் தப்பாருக்குப்பா. சொல்லிட்டிருக்கேன்." "அதெல்லாம் அலுவலக வேலை. வீட்டில் எதற்கு?" என்பேன். கண்டிப்பாகத்தான் சொன்னேன். வீடு வேறு, வேலை வேறு என்பதில் நான் எப்போதும் கறார்.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துகிறீர்களா? ஈரக்காற்று எனக்கு இப்போதெல்லாம் ஒத்துக்கொள்வதில்லை.

குழு வந்த நாள். மாணவர்களோடு பேசும்போது ஆசிரியர்கள் கூட்ட அரங்குக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. வெளியே நின்று கேட்கக் கூடாது என்று விதியில் இல்லை. நான் விதிகளைக் கவனமாகப் படிப்பவன். அரங்கத்து மைக்கிலிருந்து ஒரு ஒயரை இழுத்துத் தாழ்வாரத்தில் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி வைக்கும்படி எலக்ட்ரீஷியன் மாணிக்கத்திடம் சொன்னது நானேதான். முதல்வர், துறைத்தலைவர்கள், சந்தனராஜ், ஒரு நாற்காலி போட்டுச் சேர்மன், எல்லாரும் அந்தப் பெட்டியைச் சுற்றிக் கூடியிருந்தோம், கிரிக்கெட் வர்ணனை கேட்கிற மாதிரி.

ஒரு பேராசிரியை, வடக்கத்திக்காரர், கேட்டார். "வேலைவாய்ப்புப் பிரிவில் திருப்தியா?" பிள்ளைகள் சேர்ந்து, "வெரி சாட்டிஸ்ஃபைட் மேடம்" என்றார்கள். சேர்மன் என் பக்கம் தலையை ஆட்டினார். அந்த அம்மாள், "நல்லது. யாராவது ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் எதிர்பார்த்த கேள்வி. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கண்ணியின் குரல் வந்தது.

ஆங்கிலத்தில்தான் சொன்னாள். தமிழில் சொல்கிறேன். அதன் அமைப்பு கொஞ்சம் சிதையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"மருதுபாண்டி எங்கள் சீனியர். அவருடைய அப்பா, அம்மா செங்கல் சூளையில் வேலை செய்கிறார்கள். இது நிலைமை. கல்லூரி அவருக்கு ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தது. கோட் மாட்டிப் படம் எடுத்து ரோட்டில் வைத்தது. இது செயல். கம்பெனி இன்றுவரை கூப்பிடவில்லை. சரி, சூளைக்கே போகலாம் என்று போனால், கம்பெனி மாப்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று அவர்களும் சேர்த்துக்கொள்ளவில்லை, அந்த பேனர் சூளைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. ஊரில் கேட்பவர்களிடம் அவர் அம்மா, மகன் லீவில் வந்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இது விளைவு."

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சொன்னால் நம்ப மாட்டீர்கள். எவ்வளவு கச்சிதமாகச் சொல்கிறாள் என்று தோன்றியது.

"இதை அவர் வேலைவாய்ப்பு அலுவலரிடம் சொன்னாரா?" என்றார் அந்த அம்மாள்.

"தினமும் சாயங்காலம் போன் செய்வார் மேடம். நான்தான் எடுப்பேன். அலுவலர் குளிக்கிறார் என்று சொல்வேன்."

"நீ ஏன் எடுக்கிறாய்?"

"அவர் என் அப்பா மேடம்."

பெட்டியில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாள் மெதுவாக, "சரி. இப்போதும் அப்படித்தானா?" என்றார்.

"அப்பா போன தீபாவளியிலிருந்து குளித்துக்கொண்டிருக்கிறார் மேடம்."

அரங்கத்துக்குள் சிரிப்பு வெடித்தது. அது பெட்டி வழியாகத் தாழ்வாரத்துக்கும் வந்தது. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் அதற்காகக் காத்திருந்த மாதிரி சேர்ந்துகொண்டார்கள். சேர்மன் சிரிக்கவில்லை என்று நினைத்தேன். கைக்குட்டையால் வாயை மூடியிருந்தார். மேல் துண்டு குலுங்கியது. வெட்கத்துக்குத் தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அன்றைக்கு அத்தனையும் எனக்குத் தேவைப்பட்டன.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சிரிப்பைத் தாங்கிவிடலாம், நான் ஆசிரியன், முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்டுப் பழகிப்போனவன். கண்ணி சிரிக்கவில்லை. அவள் தொடர்ந்தாள். "அந்த அண்ணன் அதை நம்பிவிட்டார் மேடம். அப்பாவுக்கு உடம்பு சூடா, அதனால்தான் அடிக்கடி குளிக்கிறாரா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவர் அம்மா போனை வாங்கி, ராத்திரியே வெந்தயத்தை ஊறப்போட்டுக் காலையில் வெறும் வயிற்றில் கொடு தாயி, சாருக்குச் சூடு இறங்கும் என்று சொன்னார்கள். நான் சரி என்றேன். அப்பா பொய் சொல்லவில்லை மேடம். அவர் நிஜமாகவே குளித்தார். பொய் சொன்னது..."

குரல் நின்றுவிட்டது. ஒயரில் கோளாறோ என்று மாணிக்கத்தைப் பார்த்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்.

வெந்தயம். கார்த்திகையிலிருந்து எங்கள் வீட்டில் காலையில் எனக்கென்று ஒரு கிண்ணத்தில் ஊறின வெந்தயம் இருக்கும். கண்ணிதான் வைப்பாள். அப்பா மேல் இந்தப் பெண்ணுக்கு என்ன அக்கறை என்று நான் அதை மென்று தின்றுகொண்டிருந்தேன். ருசி பழகியும் போயிருந்தது.

கடைசியாக அந்த அம்மாள் கேட்டார், "ஆக, உனக்குத் திருப்தி இல்லை?" கண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பயிற்சியில் ரொம்பத் திருப்தி மேடம். உதாரணத்தோடு பேசச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்" என்றாள்.

எல்லாரும் கலைந்து போனார்கள். சந்தனராஜ் மட்டும் என் தோளைத் தொட்டு, "பாத்துப் போங்க சார், ஈரமா இருக்கு" என்றார். ஒரு வாரத்துக்குள் அது கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. நான் வகுப்புக்குள் நுழைந்தால் கடைசி பெஞ்சில் ஒருவன் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தத்தை வாயால் எழுப்புவான். நன்றாகவே எழுப்புவான். கேன்டீன் மாஸ்டர், "சார், குளிச்சாச்சா? டிபன் வைக்கட்டுமா?" என்கிறார். அவர் எப்போதும் அப்படித்தான் கேட்பவரா என்று இப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

வேலை போய்விடும் என்று காத்திருந்தேன். போகவில்லை. இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. குழுவின் அறிக்கை வந்தது. 'இக்கல்லூரி மாணவர்கள் அச்சமின்றியும் தெளிவாகவும் பேசுகிறார்கள்' என்று பாராட்டியிருந்தார்கள். கிரேடு ஏறிவிட்டது. சேர்மன் என்னைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு என்னமா பேசுது சார்! அட்மிஷன் நேரத்துல முன்னாடி டேபிள்ல உக்கார வைங்க" என்றார். 'அச்சமின்றிப் பேசும் மாணவர்கள்' என்று இப்போது ரோட்டில் பேனர் வைத்திருக்கிறோம், வரும்போது பார்த்திருப்பீர்கள். மருதுபாண்டியின் படம் இருந்த அதே கம்பங்களில்தான்.

எனக்குக் கண்ணி மேல்தான் கோபம். அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அப்பாவை இப்படிச் சந்தி சிரிக்க வைப்பாயா? என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே?"

"எப்பப்பா சொல்றது? நீங்கதான் குளிச்சிட்டே இருந்தீங்களே" என்றாள்.

சுகந்தி உள்ளேயிருந்து, "ஓ, சங்கதி இதுதானா?" என்றாள். அவளுக்கு அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. தொடுப்பு இல்லை என்று தெரிந்ததில் அவள் முகத்தில் ஒரு நிம்மதி. அது கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்புறம் அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு, தொடுப்பே இருந்திருக்கலாம்.

கண்ணி என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, எல்லாம் கேட்கிறாள். என் போன் அடித்தால் மட்டும் எடுப்பதில்லை. கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். கிண்ணத்தில் வெந்தயமும் வருவதில்லை. சூடு கிடையாது என்று ஊரறியச் சொன்னபிறகு எப்படி வரும்?

மருதுபாண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். வேலை கிடைத்துவிட்டது. கரூரில் ஏற்றுமதிக்குத் துண்டு, விரிப்பு நெய்கிற கம்பெனி. சரக்கைச் சோதித்து அனுப்புகிற பிரிவில் இருக்கிறான். கண்ணியின் தோழி ஒருத்தியின் அண்ணன் அங்கே இருந்து, ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். கண்ணி ரெஸ்யூமேயைத் திருத்தி, நேர்முகத்தில் எப்படிப் பேசுவது என்று போனிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நிலைமை, செயல், விளைவு. அப்படிப் பார்த்தால் முறை என்னுடையதுதான். என் போனில்தான் பேசியிருக்கிறாள். நான் அந்த நேரத்தில் பக்கத்து அறையில்தான் இருந்திருக்கிறேன். இதை நான் சுகந்தியிடம் சொன்னேன். அவள் மிக்ஸியைப் போட்டுவிட்டாள். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

சேர்மனுக்குச் செய்தி போனதும், "நம்ம கணக்குல சேத்துருங்க சார்" என்றார்.

"ஏற்கெனவே சேர்த்திருக்கிறோமே, போன வருஷமே" என்றேன்.

"இருக்கட்டும். இது இந்த வருஷம். கம்பெனி வாசல்ல நிக்க வச்சுப் புதுப் படம் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. கோட்ட மறந்துராதீங்க."

அந்தக் கோட்தான் என் பையில் இருக்கிறது. தேய்த்து எடுத்து வந்திருக்கிறேன். துணி கிளிப்பும் இருக்கிறது.

போக வேண்டாம் என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு பார்சல் வந்தது. முதல் சம்பளம் வாங்கியதும் அவன் அனுப்பியிருந்தான். கண்ணிக்குப் பூப்போட்ட படுக்கை விரிப்பு. எனக்குக் குளியல் துண்டு. நீல நிறம், வெளிநாட்டுக்குப் போகிற ரகம், நல்ல கனம். கண்ணியின் போனில் கூப்பிட்டு அவளிடம், "சாருக்குத் தண்ணிய நல்லா உறிஞ்சுற துண்டாப் பாத்து எடுத்தேங்க. சூடு இப்பப் பரவால்லையா?" என்று கேட்டானாம். குத்திக்காட்டினானா என்று கண்ணியிடம் கேட்டேன். அவள், "அந்த அண்ணனுக்கு அதெல்லாம் தெரியாதுப்பா. நான் இன்னும் அவங்ககிட்ட உண்மையச் சொல்லல. நீங்க போறப்ப சொல்லுங்க" என்றாள். நான் வருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டதும் அவள்தான். கரூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறானாம். அவன் அம்மாவும் வந்திருக்கிறாராம், சாரைப் பார்க்க வேண்டும் என்று.

துண்டு இன்னும் உறையில்தான் இருக்கிறது.

உங்கள் மகளைச் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்களா? தாராளமாகச் சேருங்கள். கிரேடு நல்ல கிரேடு. முன்னால் மேஜையில் என் மகள் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், உதாரணத்தோடு சொல்வாள்.

என் போன்தான் அடிக்கிறது. ஆமாம், கேட்கிறது. அவனாகத்தான் இருக்கும், எங்கே வருகிறீர்கள் என்று கேட்பான். இல்லை, கையை நீட்டாதீர்கள், நீங்கள் எடுக்க வேண்டாம்.

இதோ, அரவக்குறிச்சி வந்துவிட்டது. பையை எடுத்துக்கொள்ளுங்கள், ஜன்னல் பக்கம் குடை இருக்கிறது பாருங்கள். கொஞ்சம் பொறுங்கள், நானும் இறங்க வேண்டும். டிக்கெட் இதுவரைக்கும்தான் எடுத்தேன்.